நடுவிலுள்ள நாட்கள்

1854ஆம் ஆண்டு ஜனவரி 31 அன்று பாரிஸ் மருத்துவக் கழகத்தில் ழூல் பாயார்ழே என்னும் மனநோய் மருத்துவர் ஓர் உரை வாசித்தார். வெறியெழுச்சியும் ஆழ்ந்த சோர்வும் ஒரே ஆளிடம் மாறி மாறி வருவதை மருத்துவர்கள் முன்பே கண்டிருந்தார்கள். அவை இரண்டு நோய்கள் இல்லை, ஒரே நோயின் இரு பாதிகள் என்பது பாயார்ழேயின் வாதம். 'இரட்டை வடிவப் பைத்தியம்' என்று அதற்குப் பெயரும் வைத்தார். இரண்டு வாரம் கழித்து, பிப்ரவரி 14 அன்று, அதே கழகத்தில் ழான்-பியர் ஃபால்ரே எழுந்தார். 1851லேயே தன் வகுப்புகளில் இதைச் சொல்லியாயிற்று என்றார். அவர் வைத்த பெயர் 'வட்டப் பைத்தியம்'. இன்று நம் ஊர் மருத்துவமனைகளிலும் வீடுகளிலும் பைபோலார் என்று சொல்லப்படும் நோய், நவீன மருத்துவத்துக்குள் நுழைந்தது இந்தச் சச்சரவின் வழியாகத்தான்.

யார் முந்திக்கொண்டார் என்பதைப் பற்றி வரலாற்றாசிரியர்கள் நிறையவே எழுதிவிட்டார்கள். என்னைப் பிடித்து நிறுத்துவது இருவரும் வேறுபட்ட ஒரு சின்ன இடம். பாயார்ழே எண்ணியது இரண்டு கட்டங்களை. ஃபால்ரே எண்ணியது மூன்றை: எழுச்சி, சோர்வு, பிறகு இரண்டும் இல்லாத தெளிந்த இடைவெளி. அந்த இடைவெளி எத்தனை நீண்டிருந்தாலும் அதுவும் வட்டத்தின் ஒரு பகுதியே என்றார் ஃபால்ரே. பாயார்ழே அதற்கு அவ்வளவு எடை தரவில்லை.

இருவரும் வேலை செய்தது பாரிசின் சால்பெத்ரியேர் மருத்துவமனையில். பெண்களுக்கென்றே இருந்த மாபெரும் விடுதி அது. அங்கே அடைக்கப்பட்ட பெண்கள் ஆண்டுக்கணக்கில் இருந்தார்கள். ஆகவே ஒரு நோயின் முழுச் சுற்றையும் ஒரே மருத்துவர் தன் கண்ணால் பார்க்க முடிந்தது. ஃபால்ரே அந்தத் தெளிந்த மாதங்களைக் கவனித்ததற்கு நான் தலைவணங்குகிறேன். ஆனால் அவர் கவனித்தது நோயின் வடிவத்தை. தெளிவு திரும்பிய ஒரு பெண் காலையில் எழுந்தவுடன் எதை நினைத்தாள், வெளியே விட்டுவந்த பிள்ளையைப் பற்றி யாரிடம் பேசினாள், அடுத்த சுற்று வரும் என்ற அச்சத்தோடு எப்படி உறங்கினாள் என்பதை யாரும் கேட்டு எழுதிவைக்கவில்லை. நோயின் மூன்றாம் பகுதி என்று அந்த நாட்களுக்கு ஓர் இடம் கிடைத்தது. அவற்றை வாழ்ந்தவளின் சொல்லுக்கு இடம் கிடைக்க இன்னும் ஒன்றரை நூற்றாண்டு ஆயிற்று.

இருபதாம் நூற்றாண்டு அளவுகோல்களைக் கொண்டுவந்தது. வெறியெழுச்சியின், அதாவது மேனியாவின், கடுமையை அளக்க 1978இல் யங் அளவுகோல் வந்தது. அதில் 11 கேள்விகள். மனச்சோர்வை அளக்க 1979இல் மோன்ட்கோமரியும் ஆஸ்பெரியும் சேர்ந்து செய்த அளவுகோல், அதில் 10. இரண்டிலும் உச்ச மதிப்பெண் 60. இரண்டையும் மருத்துவர்தான் நிரப்புவார். நோயாளி வேகமாகப் பேசுகிறாரா, முகம் வாடியிருக்கிறதா, பசி உண்டா, உறக்கம் உண்டா என்று பார்த்தும் கேட்டும் எண் இடுவார். ஒருவர் இரண்டிலும் சுழியத்தை ஒட்டி வந்துவிட்டால் அவர் சமநிலையில் இருக்கிறார் என்று கோப்பில் ஏறும். மருந்து பலித்துவிட்டது, அடுத்த சந்திப்பு மூன்று மாதம் கழித்து.

இந்த அளவுகோல்களைக் குறைசொல்ல நான் வரவில்லை. உயிர் போகும் நிலையில் ஒருவரை அடையாளம் காண அவை வேண்டும். இந்த நோய்க்கு லித்தியம் மருந்து எடுப்பவரின் ரத்தத்தில் அது லிட்டருக்கு ஏறக்குறைய 0.5 முதல் 0.8 மில்லிமோல் வரை இருக்கிறதா என்று பார்ப்பது போலவே இதுவும் வேண்டும். என் மனத்தை அறுப்பது அந்தச் சுழியம்தான். சுழியம் வாங்கியவருக்கு என்ன இருக்கிறது என்பதை அது சொல்வதில்லை. வேலை போயிருக்கலாம். நண்பர்கள் ஒதுங்கியிருக்கலாம். பழைய கடன் தலைக்குமேல் நிற்கலாம். அல்லது அவர் நெடுங்காலத்துக்குப் பிறகு முதன்முறையாக நிம்மதியாகத் தோட்டத்தில் வேலை செய்துகொண்டிருக்கலாம். இரண்டுக்கும் அதே எண்.

அமெரிக்காவில் லூயிஸ் ஜட் குழுவினர் 146 பேரைச் சராசரியாக 12.8 ஆண்டுகள் வாரம் வாரமாகப் பின்தொடர்ந்து 2002இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். எல்லோரும் முதல்வகை பைபோலார், அதாவது முழு மேனியா வரும் வகை, உள்ளவர்கள். வாரங்களில் 47 விழுக்காட்டுக்குச் சற்று மேல் ஏதோ ஓர் அறிகுறியோடு கழிந்திருந்தன. அதில் பெரும்பங்கு சோர்வு, மேனியாவின் பங்கு அதைவிட மிகக் குறைவு. இந்த ஆய்வை மேற்கோள் காட்டுகிறவர்கள் எல்லோரும் அந்த 47ஐத்தான் காட்டுகிறார்கள். நோய் எவ்வளவு விடாப்பிடியானது என்பதற்குச் சான்றாக. நியாயமே. மிச்சமுள்ள பாதிக்கு மேற்பட்ட வாரங்களைப் பற்றி நாம் என்ன அறிவோம்? அங்கேதான் ஒருவர் குடும்பம் நடத்துகிறார், வாடகை கட்டுகிறார், காதலிக்கிறார், தான் யார் என்று தன்னையே கேட்டுக்கொள்கிறார். சோர்வு முற்றிலும் விலகாமல் அடியில் தங்கிவிடுவதும் உண்டு. அப்படித் தங்கும் மிச்சச் சோர்வுதான் வாழ்க்கைத் தரத்தை அதிகம் அரிக்கிறது என்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன.

வாழ்க்கைத் தரம் என்பதைப் பொருளாதாரக் கணக்காகப் பார்க்காமல், ஒருவர் தன் வாழ்வைத் தன் ஊரின் விழுமியங்களுக்கும் தன் எதிர்பார்ப்புகளுக்கும் நடுவே வைத்து எப்படி உணர்கிறார் என்று கேட்கும் பெருமுயற்சியை உலகச் சுகாதார நிறுவனம் 1991இல் தொடங்கியது. ஒரு நாட்டில் எழுதிப் பிற நாடுகளுக்கு அனுப்பும் வழக்கத்தை விட்டு, 15 நகரங்களில் ஒரே சமயத்தில் மக்களிடம் பேசிக் கேள்விகளை உருவாக்கினார்கள். அந்த 15இல் பாரிசும் உண்டு, நம் சென்னையும் உண்டு. ஒவ்வொரு மையத்திலும் மக்கள் கையில் பத்து சென்டிமீட்டர் கோடு ஒன்றைக் கொடுத்தார்கள். ஒரு முனை 'துளியும் இல்லை', மறுமுனை 'முற்றிலும்'. 'கொஞ்சம்', 'ஓரளவு', 'மிகவும்' போன்ற சொற்கள் அந்தக் கோட்டில் எங்கே விழுகின்றன என்று அவரவரே புள்ளி வைக்க வேண்டும். கால்பங்கிலும் பாதியிலும் முக்கால்பங்கிலும் விழும் சொற்களையே அந்த மொழியின் விடைகளாக எடுத்துக்கொண்டார்கள். சென்னையில் ஒருவர் சொல்லும் 'ஓரளவு'ம் பாரிசில் ஒருவர் சொல்லும் 'ஓரளவு'ம் ஒரே தொலைவில் நிற்க வேண்டும் என்பதற்காக இத்தனை பாடு. அறிவியல் இப்படிப் பணிவோடு நடந்துகொள்ளும் தருணங்கள் எனக்கு மிகவும் பிரியமானவை.

ஆனால் அது எல்லோருக்குமான அளவுகோல். பைபோலார் உள்ளவர்களின் வாழ்வுக்கு அதில் பல இடங்கள் விடுபட்டிருந்தன. வான்கூவரில் ஆய்வாளர் எரின் மிஷலாக், நோயோடு வாழ்கிறவர்கள், அவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்கள், மருத்துவர்கள் எனப் பலரை உட்காரவைத்து நீண்ட நேர்காணல்கள் செய்தார். அன்றாட ஒழுங்கு, பிறரைச் சாராமல் நிற்பது, களங்கம், தான் யார் என்ற தெளிவு, ஆன்மிகம் ஆகியவை அவற்றில் மேலெழுந்து வந்தன. அந்தப் பேச்சுகளின் அடித்தளத்தில் அவரும் மெல்பர்னின் கிரெக் மரேயும் 2010இல் ஒரு வினாப்பட்டியலை வெளியிட்டார்கள். மொத்தம் 56 கேள்விகள், 14 களங்கள். உடல், உறக்கம், மனநிலை, சிந்தனைத் தெளிவு, ஓய்வுநேரம், உறவுகள், ஆன்மிகம், பணம், வீட்டு நிர்வாகம், தன்மதிப்பு, சார்பின்மை, அடையாளம். விரும்பினால் வேலையும் படிப்பும். கடந்த ஏழு நாட்களைப் பற்றி மட்டும் கேட்கும். 12 கேள்விகளில் முடிந்துவிடும் ஒரு சுருக்கப் பட்டியலும் உண்டு. வேலையையும் படிப்பையும் விட்டு, களத்துக்கு ஒரு கேள்வி. இந்தப் பட்டியல் பிரெஞ்சு உட்படப் பல மொழிகளுக்குப் போயிருக்கிறது.

அந்தக் களங்களைப் படித்துப் பாருங்கள். வீடு ஒழுங்காக இருந்ததா என்பது ஒரு கேள்வி. விருப்பம்போல் வெளியே போய்வர முடிந்ததா என்பது ஒன்று. சின்னச் சின்ன ஆசைகளுக்கும் காசு மிஞ்சியதா என்பது இன்னொன்று. மனநோய் மருத்துவத்தின் ஆடம்பரமான சொற்கள் எதுவும் இங்கே இல்லை. சால்பெத்ரியேரில் யாரும் கேட்காமல் விட்ட கேள்விகளுக்கு இவைதான் மிக அருகில் வருகின்றன.

ஓர் ஆட்சேபம் உண்டு; அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. மேனியா ஏறும் நாட்களில் ஒருவர் இந்தத் தாளை நிரப்பினால் என்ன ஆகும்? தெம்பு நிரம்ப இருக்கிறது, சிந்தனை மின்னலாக ஓடுகிறது, எல்லோருக்கும் என்னைப் பிடிக்கிறது, பணத்துக்குக் குறைவில்லை என்று எழுதுவார். வீட்டில் இருப்பவர்கள் கலங்கி நிற்கும் வாரத்தில் அவருடைய மதிப்பெண் உச்சத்தைத் தொடலாம். சோர்வின் நாட்களில் எதிர்ப்பக்கம். நல்ல நண்பர்கள் சுற்றி இருந்தாலும் தனக்கு ஒருவரும் இல்லை என்று எழுதுவார். அளக்கப்படுவதும் அளப்பதும் ஒரே மனம். அது சாய்ந்திருக்கும்போது அதன் சாட்சியத்தை எப்படி நம்புவது?

இந்தக் கேள்விக்கு ஒரு பழைய சாட்சி உண்டு. 1854இன் அந்தக் குளிர்காலத்தில், மருத்துவக் கழகத்தில் வாதம் நடந்துகொண்டிருந்தபோது, பாரிசை ஒட்டிய பாஸி கிராமத்தில் எமில் பிளான்ஷ் என்ற மருத்துவரின் மனநல இல்லத்தில் கவிஞர் ழெரார் த நெர்வால் இருந்தார். பிற்காலத்தில் பலர் அவருடைய வாழ்க்கைக் குறிப்புகளில் இந்த நோயின் சாயலைக் கண்டார்கள். இறந்தவருக்கு நோய்ப்பெயர் சூட்ட எனக்கு விருப்பமில்லை. அவர் கடைசியாக எழுதிய 'ஒரேலியா' நோயின் நாட்களை உள்ளிருந்து எழுதிய நூல். பிறர் நோய் என்று சொன்ன அந்த நாட்களில் தன் வலிமை பெருகியதாகவும் எல்லாம் விளங்கியதாகவும் தோன்றியதை அவர் மறைக்கவில்லை. தெளிவு திரும்பியதில் ஏதோ இழந்ததையும் சொல்கிறார். 1855 ஜனவரியில் அவர் இறந்தார். நூலின் இரண்டாம் பாகம் அச்சில் வந்தது அதற்குப் பிறகுதான். அந்த நாட்களில் அவருடைய வாழ்க்கைத் தரம் எத்தனை என்று யாராவது கேட்டிருந்தால், அவர் சொல்லியிருக்கக்கூடிய பதிலை எந்தக் கணக்கில் வைப்பது?

எனக்குத் தோன்றும் பதில் இது. ஒற்றை அளவை நம்ப வேண்டாம். ஒரே ஆளின் பல அளவுகளை நம்பலாம். ஒருவரை இன்னொருவரோடு ஒப்பிடுவதைவிட அவரையே அவருடைய போன பருவத்தோடு ஒப்பிடும்போது இந்தத் தாள் பேசத் தொடங்குகிறது. மேனியாவின் உச்ச மதிப்பெண்ணும் ஒரு தகவல்தான்: சமநிலையில் இருக்கும்போது அவர் எதை இழந்ததாக உணர்கிறார் என்பதற்கு அது சுட்டுக்குறி. மருந்தை நிறுத்திவிடும் பலர் அந்த உச்சத்தை நினைத்துத்தான் நிறுத்துகிறார்கள். இதை அறியாமல், சிகிச்சைக்கு எதிராக நிற்கிறார் என்று மட்டும் அவர்மீது எழுதிவிடுவது அநியாயம்.

இதில் அளவையியலுக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. நல்ல வினாப்பட்டியல் என்றால், சில நாள் இடைவெளியில் அதே ஆளிடம் கொடுத்தால் ஏறக்குறைய அதே எண் வர வேண்டும். நோயின் இயல்பே மாறுவதாக இருக்கையில், மாறாமல் இருப்பவர்களை வைத்துத்தான் அந்தச் சோதனையைச் செய்ய முடியும். ஆகவே ஒரு மொழியில் பட்டியலைச் சோதிக்கும்போது நடுவிலுள்ள நாட்களில் இருப்பவர்களே தேவைப்படுகிறார்கள். பாயார்ழே எடை தராமல் விட்ட காலம் இப்போது முழு அளவீட்டுக்கும் அடித்தளமாகியிருப்பதில் எனக்கு மிகுந்த நிறைவு.

இந்தப் பட்டியல் போன மொழிகளில் ஒன்று பிரெஞ்சு. அதைப் பேசுகிறவர்கள் ஒரே நாட்டில் இல்லை. பாரிஸ், ஜெனீவா, பிரஸ்ஸல்ஸ், மாண்ட்ரியல் என்று வெவ்வேறு சட்டங்களுக்கும் பழக்கங்களுக்கும் கீழே வாழ்கிறார்கள். ஒரே கேள்வி அங்கெல்லாம் ஒரே மண்ணில் விழுவதில்லை. ஆன்மிகத்தை விருப்பம்போல் வெளிப்படுத்த முடிந்ததா என்ற கேள்வியை எடுத்துக்கொள்வோம். 1905இல் திருச்சபையையும் அரசையும் சட்டம் போட்டுப் பிரித்த நாடு பிரான்ஸ். அங்கே அரசு மருத்துவமனையில் ஒருவரிடம் இதைக் கேட்டால் சற்றே முகம் சுளிக்கலாம். கியூபெக்கில் 1960களுக்கு முன் பள்ளியும் மருத்துவமனையும் பெரும்பாலும் கத்தோலிக்கத் திருச்சபையின் கையில் இருந்தன. அங்கே முதியவர் ஒருவருக்கு இது வேறு நினைவுகளைக் கிளறும். மேனியாவில் கடவுள் தன்னிடம் பேசியதாகக் கண்டவருக்கோ, எந்த ஊராக இருந்தாலும், இந்தக் கேள்விக்குப் பதில் எழுதத் துணிவு வேண்டும்: பக்தி என்று எழுதினால் அறிகுறி என்று படிப்பார்களோ?

பணத்தைப் பற்றிய கேள்வியில்தான் நான் அதிகம் நின்றேன். மேனியாவில் சேமிப்பையெல்லாம் ஒரே வாரத்தில் கரைத்துவிடுகிறவர்கள் உண்டு. பிரான்சில் இதற்குச் சட்ட ஏற்பாடுகள் இருக்கின்றன. தற்காலிகமாக ஒருவரை நீதிமன்றப் பாதுகாப்பில் வைத்தால், அவர் அக்காலத்தில் போட்ட தீங்கான ஒப்பந்தங்களைப் பின்னர் ரத்து செய்ய வழியுண்டு. நீடித்த சிக்கல் என்றால் 'குராத்தேல்' என்னும் காப்பாளர் ஏற்பாடு. அதன் கடுமையான வடிவில் வருமானம் காப்பாளர் கைக்குப் போகும், வாடகையையும் கட்டணங்களையும் அவரே கட்டுவார், மிச்சத்தை இவரிடம் விடுவார். 1968இல் உருவாகி 2007இல் திருத்தப்பட்ட சட்டம் இது. நல்ல நோக்கம். பலருடைய வீட்டைக் காப்பாற்றியும் இருக்கிறது. ஆனால் அந்த ஏற்பாட்டின் கீழ் வாழும் ஒருவர் பணக் களத்தில் நல்ல மதிப்பெண்ணும் சார்பின்மைக் களத்தில் மோசமான மதிப்பெண்ணும் வாங்கக்கூடும். இரண்டையும் கூட்டி ஒரே எண்ணாக்கினால் நடுத்தரம் என்று வரும். அந்த நடுத்தரம் எந்த மனிதருடைய வாழ்க்கையும் இல்லை. கூட்டுத்தொகையைவிடக் களங்களைத் தனித்தனியாகப் படிக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

  

இந்த வினாப்பட்டியல் கேட்காத ஒன்றும் உண்டு. வால்ப்ரோயேட் குடும்பத்து மருந்துகளை பிரான்சில் பைபோலாருக்கு நெடுங்காலமாகத் தருகிறார்கள். அவற்றின் வலிப்புத்தடுப்பு ஆற்றல் 1963இல் கிரனோபிளில் கண்டுபிடிக்கப்பட்டது. சில ஆண்டுகளில் மனநிலைக் கோளாறுகளுக்கும் அதே நாட்டில் அவற்றைப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். கர்ப்ப காலத்தில் எடுத்தால் பத்தில் ஒரு குழந்தைக்கு உடல் குறைபாடும், பத்தில் மூன்று நான்கு குழந்தைகளுக்கு வளர்ச்சிச் சிக்கலும் வரலாம். 2017இல்தான், பைபோலாருக்கான இம்மருந்துகளைக் கர்ப்பிணிகளுக்கும், கருத்தடை முறை இல்லாத, குழந்தை பெறும் வயதிலுள்ள பெண்களுக்கும் தரக் கூடாது என்று பிரெஞ்சு மருந்துக் கண்காணிப்பகம் தடை விதித்தது. அதற்கு முன் எத்தனையோ பெண்கள் மேனியா அளவுகோலில் சுழியம் வாங்கியிருப்பார்கள். சிகிச்சை வெற்றி என்று கோப்பு சொல்லியிருக்கும். 14 களங்களில் பிள்ளைப்பேற்றுக்கோ பிள்ளை வளர்ப்புக்கோ தனிக் களம் இல்லை. எல்லோருக்கும் பொருந்தும் கேள்விகளையே தேடும் ஒரு பட்டியலில் அது இல்லாமல் போனதற்குக் காரணம் புரிகிறது. ஆனாலும் ஒரு பெண் தன் வாழ்வை எடைபோடும்போது முதலில் நினைப்பது அதுவாக இருந்தால், அவளுக்குத் தாளின் ஓரத்தில் எழுத இடம் விட வேண்டும். அதைப் படிக்க ஒருவர் இருக்க வேண்டும்.

நோய்தான் படைப்பாற்றலைத் தருகிறது என்ற கதை பிரெஞ்சு இலக்கியத்திலும் நம்மிடையேயும் செல்லமாக வளர்க்கப்படுகிறது. ஓவியர் ழெரார் கரூஸ்தின் வாழ்க்கை அதை மறுக்கிறது. 1946இல் பிறந்தவர். இளமையிலேயே நோய் பிடித்தது. மருத்துவமனைக்குப் போய்ப்போய் மீண்டார். 2009இல் தன் வாழ்க்கையை வெளிப்படையாக எழுதினார். 2022இல் பாரிசின் போம்பிடூ மையம் அவருடைய வாழ்நாள் ஓவியங்களைக் காட்சிக்கு வைத்தது. நோய் முற்றிய நாட்களில் தன்னால் வரைய முடிவதில்லை என்பதையும், மீண்ட காலத்தின் பொறுமையான உழைப்பே தன் கலை என்பதையும் அவர் மறைத்ததில்லை. கடினமான சூழலில் வளரும் குழந்தைகள் கலைஞர்களோடு சேர்ந்து வேலை செய்ய 1991இல் 'லா சூர்ஸ்' என்ற அமைப்பையும் தொடங்கினார். அந்த ஓவியங்களும் அந்தக் குழந்தைகளும் நடுவிலுள்ள நாட்களின் விளைச்சல்.

இன்று கேள்வித்தாளை நிரப்பியவரிடமே அதன் விடை திரும்பிப் போகிறதா என்பதுதான் என் கவலை. ஆய்வுக்காக நிரப்பப்படும் தாள்கள் சராசரியாகவும் விலக்கமாகவும் அட்டவணைக்குள் போய்விடுகின்றன. நிரப்பியவருக்கு நன்றி சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். மிஷலாக்கும் மரேயும் சேர்ந்து இயங்கும் கிரெஸ்ட்.பிடி குழுவில் நோயோடு வாழ்கிறவர்களும் ஆய்வாளர்களாக இருக்கிறார்கள். ஒருவர் தன் விடைகளைத் தானே இணையத்தில் பதிந்து, களவாரியாகத் தானே பார்த்துக்கொள்ளும் வசதியையும் அவர்கள் செய்தார்கள். பிரெஞ்சில் இந்தப் பட்டியலைச் செப்பம் செய்கிறவர்கள் அந்த வழக்கத்தையும் கூடவே எடுத்துச்செல்ல வேண்டும். 2001இல் பாரிசில் நோயாளிகளும் குடும்பத்தாரும் தொடங்கிய 'ஆர்கோஸ் 2001' போன்ற சங்கங்களின் கூட்டங்களிலும் அந்தத் தாள் கிடைக்க வேண்டும், மருத்துவரின் மேசையில் மட்டும் இருக்கக் கூடாது. அப்போது ஒருவர் போன கோடையின் தாளையும் இந்த வாரத்தின் தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். உறக்கம் கூடியிருக்கிறது, உறவு குறைந்திருக்கிறது என்று காண்பார். அடுத்த சந்திப்பின் இருபது நிமிடங்களில் மருந்தின் அளவைப் பற்றிப் பேசுவதா, மூன்று மாதமாகத் தொலைபேசியில்கூடப் பேசாத அண்ணனைப் பற்றிப் பேசுவதா என்பதை அவரே முடிவு செய்துகொண்டு போவார்.